மகளின் கோலுக்கு நான் தூக்கிய கொடி

சனிக்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்கு அந்த மஞ்சள் கொடியை என் கையில் கொடுத்தார்கள். அதுவரை நான் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் செக்கிங் சூப்பர்வைசர், வீட்டில் ஒரு பயந்தாங்கொள்ளி அப்பா. அவ்வளவுதான்.

என் மகள் எஸ்தர் பள்ளிக் கால்பந்து அணியில் கோல் போடுகிறவள். அன்று ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. கோட்டோரம் கொடி பிடிக்க வேண்டியவர் பஸ்ஸைத் தவறவிட்டாராம். மகள் விழுந்துவிடுவாளோ என்று கோட்டை ஒட்டியே நின்ற என்னை (பையில் பஞ்சு, மருந்து, கட்டுத்துணி) ரெஃப்ரி பிடித்துக்கொண்டார்.

"ஆஃப்சைடு தெரியுமில்ல சார்? பந்த அடிக்கிற நேரத்துல, கீப்பர விட்டுட்டு, எதிர் டீம் கடைசி ஆளத் தாண்டி வாங்குறவ நிக்கக்கூடாது. நின்னா கொடியத் தூக்குங்க."

"தெரியும் சார்" என்றேன். (தெரியாது.)

எதிரணிப் பயிற்சியாளர் சிரித்தார். "பொண்ணோட அப்பாவா? அப்ப கொடி எங்க எழும்பப் போவுது!"

அது போதும் எனக்கு. இன்று பெற்ற பாசத்தைத் துளியும் காட்டுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடிவெடுத்தேன்.

ஆட்டம் முடியும் நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. நடுவிலிருந்து ஒரு பெண் பந்தை நீளமாக உதைத்தாள். அதுவரை எதிரணியின் கடைசி ஆளோடு சமமாக நின்ற எஸ்தர் பாய்ந்து அவளைத் தாண்டினாள், பந்தை வாங்கினாள், உள்ளே தள்ளினாள். மைதானமே கத்தியது.

நான் கொடியைத் தூக்கினேன்.

இத்தனை வருஷமாக ஷூ என் மேஜைக்கு வந்த பிறகுதான் அதைப் பார்ப்பேன். எப்போது வெட்டினார்கள், எப்போது தைத்தார்கள் என்பதெல்லாம் என் கவலையில்லை. பந்தையும் அப்படியேதான் பார்த்தேன். அது வந்து சேர்ந்தபோது எஸ்தர் எல்லாரையும் தாண்டி நின்றாள். ரிஜெக்ட்!

"அப்பா! அடிக்கும்போது பாக்கணும்ப்பா!" என்று அலறினாள்.

நான் கொடியை இறக்கவில்லை. (சூப்பர்வைசர் ரிஜெக்ட் என்றால் ரிஜெக்ட்தான்.) கோல் போனது, அடுத்த சுற்றும் போனது. எதிரணிப் பயிற்சியாளர் ஓடிவந்து என் கையைக் குலுக்கினார். "நேர்மைன்னா நீங்கதான் சார்!"

இன்றும் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று நான் வாய் திறந்தால், எஸ்தர் கைக்குட்டையைத் தூக்கிக் காட்டுகிறாள். அதைத் தாங்கிவிடலாம். அன்று எல்லாம் முடிந்தபின், ஷிப்ட் விட்டு மூச்சிரைக்க ஓடிவந்தாளே என் மனைவி, அதைத்தான் தாங்க முடியவில்லை. கொடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"பாப்பா போட்ட கோல எவனோ ஒத்தன் வேணாம்னுட்டானாமே, கிரவுண்டு கேட்டாண்டயே சொன்னாங்க! யாருங்க அவன்? நீங்க பயந்துக்குனு நிக்காதீங்க, ஆளக் காட்டுங்க. நான் பேசிக்கிறேன்!"