ரெண்டரை பவுண்டு பிரஷர்

“பதினாறா? நல்லாப் பாருங்க. நூத்தி அறுபதா இருக்கும்,” என்றாள் மனைவி அனந்தி.

தர்மதாஸ் நைனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பதினாறேதான். சீனாவில் வேலை பார்க்கும் மகன் சதீஷ் அனுப்பிய பி.பி. மிஷின் அன்று காலைதான் செஞ்சிக்கு வந்து சேர்ந்திருந்தது. போன மாதம் டாக்டர் பார்த்தபோது நூற்றிருபது இருந்தது.

“புள்ள புண்ணியத்துல இப்பவாவது தெரிஞ்சிது,” என்றார் கண் கலங்க.

லோ பிரஷருக்கு உப்புதான் மருந்து என்று அனந்தி ஒரு சொம்பு மோரில் கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டுக் கொடுத்தாள். முகம் சுளிக்காமல் குடித்தார். மறுபடி கட்டிப் பார்த்தால் பதினேழு.

“சொம்புக்கு ஒன்னு ஏறுது. அப்ப இன்னும் நூத்தி மூணு சொம்பு,” என்றார். மல்லாட்டைக் கடலை வியாபாரி, கணக்கு தப்பாது.

அனந்தி மாடியிலிருந்து இறங்கி ஓடி, கீழே பஞ்சர் கடை வைத்திருக்கும் வீரமணியை அழைத்து வந்தாள்.

“பயப்படாதீங்க நைனாரே. இதுல கே.பி.ஏ.ன்னு ஒரு அளவு போட்டுக்குது. எங்க காத்து மீட்டர்லயும் இருக்குது. பவுண்டுக்கு மாத்துனா சரியாத் தெரிஞ்சிடும்.” செல்போனில் தட்டிய வீரமணியின் முகம் மாறியது.

“இன்னாப்பா?”

“ரெண்டரை.”

“ரெண்டரையா!”

“பைக் டயருக்கே முப்பது அடிக்கிறேன். ரெண்டரையில நீங்க எப்டி நிக்கிறீங்கன்னே தெரியல.”

அதுவரை நன்றாக நின்றுகொண்டிருந்த தர்மதாஸுக்கு அப்போதுதான் கால் மடங்கியது.

எண்பது கிலோ மனிதரைத் தோளில் போட்டுக்கொண்டு வீரமணி படியிறங்கினான். ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்குள்ளும் அவனே தூக்கிப் போனான். கூடவே மிஷினும் வந்தது.

நர்ஸ் அமிர்தவல்லி தன் கருவியில் ஒரு தடவை பார்த்தாள். மிஷினைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

“இது வேற அளவு ஐயா. ஏழரையால பெருக்கணும். பதினாறுன்னா நூத்திருபது. உங்களுக்கு ஒன்னுமே இல்ல.”

“ஏழரையா! அதான் இந்தப் பாடு,” என்றாள் அனந்தி.

தர்மதாஸுக்கு நம்பிக்கை வரவில்லை. “உங்க மீட்டரே தப்பா இருந்தா? எங்க வீரமணிக்குக் கட்டிப் பாரும்மா.”

“எனக்கு எதுக்கு? கடை தெறந்து கெடக்குது,” என்ற வீரமணி, சுவரில் சாய்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். தர்மதாஸ் விடவில்லை. நர்ஸ் கட்டிப் பார்த்தாள். பத்து நிமிடம் அவனை உட்கார வைத்து மறுபடியும் பார்த்தாள்.

தர்மதாஸ் இரண்டு கைகளையும் கூப்பினார். “நீ மட்டும் இல்லன்னா நான் மாடியிலயே போய்ச் சேர்ந்திருப்பேன் வீரமணி. ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.”

நர்ஸ் வீரமணியைக் கட்டிலில் படுக்க வைத்து, டாக்டருக்குக் குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

“கைய எறக்குங்க ஐயா. அவருக்கு இருநூத்திப் பத்து இருக்குது. நல்ல நேரத்துல நீங்கதான் அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்திருக்கீங்க.”