புலிக்குத்திக் கல்லுக்கு முதல் மாலை

"அந்தக் கடைசி வரியை அழிக்கச் சொல்லுங்க" என்று அய்யாசாமி சொன்னபோது பலகையில் பெயிண்ட் இன்னும் காயவில்லை.

அருள்புரத்தில் ஆறுச்சாமியின் பனியன் கம்பெனி கேட்டுக்கு வெளியே, ரோட்டோரமாக ஒரு புலிக்குத்திக் கல் நிற்கிறது. ஊருக்குள் வந்த புலியோடு சண்டையிட்டு உயிர்விட்ட வீரனுக்கு நட்டது என்பார்கள். காலங்காலமாகப் பூசிய மஞ்சளும் எண்ணெயும் கனத்துப்போய், மேலே வேட்டியும் சுற்றியிருப்பதால், கல்லில் என்ன செதுக்கியிருக்கிறது என்று பார்த்தவர் யாருமில்லை. ஆனால் வீரனைப் பற்றி எல்லோருக்கும் எல்லாமே தெரியும்.

போகிறவர்கள் நின்று கும்பிடட்டுமே என்று ஆறுச்சாமி அங்கே ஒரு பலகை வைத்தார். நல்ல எண்ணம்தான். 'இவ்வீரர் ஆறுச்சாமி குடும்பத்தாரின் முன்னோர்' என்ற கடைசி வரியில்தான் எண்ணம் கொஞ்சம் வழுக்கிவிட்டது.

அய்யாசாமி சோமனூரில் தறி ஓட்டுபவர். அவர் மகன் நிதிஷுக்கும் ஆறுச்சாமி மகள் அக்ஷராவுக்கும் வெள்ளிக்கிழமை இந்தக் கல்லின் முன்னால் நிச்சயம்.

"சோமனூர் போறதுக்கு முந்தி எங்காளுக இங்கதானுங்க இருந்தாங்க. இது எங்க பாட்டனாருங்க, சம்பந்தி."

"எதை வெச்சுச் சொல்றீங்க?"

"நெத்தியப் பாருங்க. அப்படியே எங்கப்பன் நெத்தி."

"அது மஞ்சளுங்க."

"மஞ்சளுக்குள்ள நெத்தி இருக்குமில்லீங்க?"

அப்போது ஒரு செவலை நாய் வந்து கல்லில் முதுகைச் சாய்த்துப் படுத்தது. அய்யாசாமி குச்சியை எடுத்தார். "பாட்டனார் மேல நாய் படுக்குது, பார்த்துட்டு நிக்கறீங்களே." நாய் எழுந்து, நின்றிருந்த லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஆறுச்சாமியின் மனைவி சுப்புலட்சுமி தினமும் செய்கிறபடி ரசஞ்சோற்றைக் கொண்டுபோய்க் கல்லுக்குப் பக்கத்தில் நாய்க்கு வைத்தாள்.

"சாமி கல்லுக்கிட்ட நாய்க்குச் சோறு வெக்காதேன்னா கேக்கறயா?" என்றார் ஆறுச்சாமி.

"பசிச்ச வயித்துக்கு வெச்சா எந்தச் சாமியும் கோவிச்சுக்காதுங்க."

ஆறுச்சாமி விட்டுக்கொடுப்பதில் பெரிய மனசுக்காரர் என்று அவரே நம்பினார். பெயிண்டர் இளங்கோவைக் கூப்பிட்டு, 'ஆறுச்சாமி, அய்யாசாமி ஆகிய இரு குடும்பத்தாருக்கும் முன்னோர்' என்று மாற்றி எழுதச் சொன்னார். சம்பந்திகள் இருவரும் சந்தோஷமாக டீ குடித்தார்கள்.

இளங்கோ பிரஷ்ஷைத் துடைத்தபடி கேட்டான். "ஏனுங்க, ரெண்டு ஊட்டுக்கும் ஒரே பாட்டன்னா நீங்க பங்காளிக ஆயிட்டீங்களே. அப்ப பொண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கச்சிங்களா?"

டீ அப்படியே நின்றது. ஒரு பாட்டன் வழி வந்த பங்காளிகளுக்குள் பெண் கொடுப்பதுமில்லை, எடுப்பதுமில்லை. அதற்குள் யாரோ பலகையைப் படம் எடுத்து அனுப்பி, செய்தி காதர்பேட்டை பனியன் சந்தைவரை போய்விட்டது.

கம்பெனியை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து அக்ஷரா வந்தாள். "அப்பா, நிதிஷ் எனக்கு அண்ணனாமா? அவரே போன் பண்ணிக் கேக்கறார்."

"உடனே அழி" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். யார் பேரை அழிப்பது என்பதில்தான் குரல் இரண்டானது.

"கல்யாணம் நடக்கோணும்னா நீங்க விட்டுக்குடுங்க, சம்பந்தி."

"மகனைக் குடுக்கறனுங்க. பாட்டனைக் குடுக்க முடியாதுங்க."

"நானும் பொண்ணைத்தானுங்க குடுக்கறேன்னு சொன்னேன்."

அக்ஷரா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அதைப் பார்த்தபின் ஆறுச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். கல்வெட்டு படிக்கும் கவிப்பிரியாவை வரவழைத்துக் கல்லைக் கழுவிப் பார்ப்பது. பேர் எழுதியிருந்தால் தெரிந்துவிடும். கல்லில் இருப்பவர் யாரோ, அவர் வம்சத்துக்கே முதல் மாலை. மற்றவர் வாயைத் திறக்காமல் நிச்சயத்தை நடத்த வேண்டும். சுப்புலட்சுமி தட்டில் சூடம் ஏற்ற, இருவரும் அடித்துச் சத்தியம் செய்தார்கள். இருவருக்கும் துளிகூடச் சந்தேகமில்லை.

வெள்ளிக்கிழமை சொந்தபந்தம் கூடி நிற்க, செவலை நாய் வழக்கம்போல லாரிக்கு அடியில் படுத்திருக்க, கவிப்பிரியா வேட்டியை அவிழ்த்து, தேங்காய் நாரால் பதமாகத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினாள். மஞ்சள் கரைந்து ஓடியது. அய்யாசாமியின் அப்பா நெற்றியும் அதோடு ஓடியது. முதலில் புலி தெரிந்தது. எழுத்து ஒன்றுமில்லை. புலிக்கு எதிரே இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டியிருந்தது.

சம்பந்திகள் இருவரும் மாலைக்கு வசதியாகக் கழுத்தை முன்னால் நீட்டி நின்றார்கள்.

கவிப்பிரியா தேய்த்தாள், குனிந்து பார்த்தாள், மறுபடி தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "சூடம் அடிச்ச சத்தியம் சத்தியந்தானுங்களே?"

"சத்தியந்தான் கண்ணு" என்றார்கள் இருவரும்.

அவள் மாலையைத் தட்டிலிருந்து எடுத்தாள். நீட்டிய இரண்டு கழுத்தையும் தாண்டி நடந்துபோய்ச் சுப்புலட்சுமியிடம் சொன்னாள்:

"கல்லுல மனுசனே இல்லீங்க அக்கா, புலியோட கழுத்தைக் கவ்விட்டு நிக்கறது ஒரு நாயிங்க. லாரிக்கு அடியில படுத்திருக்கறவரைக் கொஞ்சம் எழுப்புங்க, மாலை போடோணும்."