மூன்றாம் ஆள் இன்னும் இறங்கவில்லை

“இறக்கி விடுங்கப்பா! அஞ்சு மணிக்கு நான் பள்ளுருத்தியில இருக்கணும்!”

கொச்சியில், கொச்சங்காடி சுக்குக் கிடங்கின் கூரைக் கப்பியில் தொங்கியபடி செல்லதுரை கத்தினான்.

மனிதன் நிலவில் கால் வைத்துப் பத்து வருஷமானதை வாசகசாலைக்காரர்கள் நாடகம் போட்டுக் கொண்டாடினார்கள். இரண்டு பேர் நிலவில் இறங்கி நடக்க வேண்டும், மூன்றாம் ஆள் மேலேயே சுற்ற வேண்டும். ஆள் ஒல்லி என்று அந்த வேஷத்தை இவன் தலையில் கட்டிவிட்டார்கள். நாடகம் முடிந்து, இறங்கிய ராஜனும் வெங்கடேஸ்வரனும் மாலை போட்டுக்கொண்டு சாயாவும் குடித்தாயிற்று.

“முடிச்சு இறுகிப்போச்சு,” என்றான் கயிற்றருகே நின்ற பிச்சைமணி. கிடங்கில் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது அவனுக்கு.

முப்பத்திரண்டு வயதில் முதன்முதலாகப் பள்ளுருத்திக்குப் பெண் பார்க்கக் கிளம்பியிருந்தான் செல்லதுரை. போகாவிட்டால் தரகர் இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

ராஜன் உத்தரத்தில் ஏறிக் கப்பிக்கு எண்ணெய் விட்டான். எண்ணெய் முழுக்கச் செல்லதுரையின் புதுச் சட்டைக்கு வந்தது. வெங்கடேஸ்வரன் மூட்டைமேல் ஏறிக் காலைப் பிடித்து இழுத்தான். தேயிலைப் பெட்டியின் வெள்ளித்தாளில் ஒட்டிய கால்சட்டை மட்டும் அவன் கையோடு போனது. கோடு போட்ட அண்டர்வேரோடு செல்லதுரை ராட்டினமாய்ச் சுற்ற, கூட்டம் கைதட்டியது.

குடையோடு நின்ற ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் அண்ணாந்து பார்த்தாள்.

“அந்த மூணாவது ஆளுக்கு வருத்தமா இருந்திருக்காதா?”

“இருக்காம? ஆனாலும் விட்டுட்டு ஓடலையே. ரெண்டு பேரையும் கூட்டிட்டுத்தானே திரும்பினான்!”

“நீங்க குடிப்பீங்களா?”

“நாளுக்கு நாலு சாயா.”

“கை நீட்டுவீங்களா?”

“இறங்கினா அந்த ராஜனை விடமாட்டேன்!”

“சமைக்கத் தெரியுமா?”

“கப்பக்கிழங்கும் மீனும் வைப்பேன். ஏன் தாயி, உனக்கு வேற வேலையே இல்லையா?” என்றவன், பாவம் என்று தோன்றவே, “சரி, கேளு. பேச்சுத்துணைக்காவது ஆச்சு,” என்றான்.

கடிகாரம் ஐந்து அடித்தது. செல்லதுரையின் கண் கலங்கிவிட்டது.

“நான் தொங்குறதுகூடப் போகட்டும். அந்தப் பொண்ணு பூ வச்சுக்கிட்டு வாசலையே பாத்துட்டு இருப்பா. அதை நெனச்சாத்தான் மனசு கேக்கல.”

அந்தப் பெண் பிச்சைமணி பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, மாப்பிள்ளைய நான் நல்லாப் பாத்துட்டேன், எனக்குச் சம்மதம். நீ போட்ட முடிச்சை அவுத்துவிடு, பள்ளுருத்தியில நம்ம அம்மை காத்திருப்பா.”