சூரியனோடு ஓடிய வெள்ளிக்கிழமை ரீச்சர்

ஒஸ்லோவில் சூரியனை நம்பிக் குடித்தனம் நடத்திய ஒரே மனிதர் எங்கள் வெள்ளிக்கிழமை ரீச்சர்தான். மற்றவர்கள் எல்லாரும் இந்த ஊர்ச் சூரியனை எப்போதோ கைகழுவிவிட்டார்கள்.

ஹவுகெட்டோவில் நான் உதவியாளராக வேலை செய்யும் பார்னஹாகேயில், அதாவது பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், அவர் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான ரீச்சர். யூதப் பெண். வெள்ளி பொழுதுபட்டால் அவருக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதன்பிறகு லைட் போடக்கூடாது, போன் தொடக்கூடாது, ரெயின் ஏறக்கூடாது. "நாங்கள் வெள்ளிக்கிழமை மச்சமாமிசம் தொடுறேல்லை, அவ சுவிச் தொடுறேல்லை" என்று எங்கள் தமிழ்த் தாய்மார் உடனே விளங்கிக்கொண்டு, இந்தப் பெயரையும் வைத்துவிட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், டிசம்பரில் இங்கே பின்னேரம் மூன்று மணிக்கே இருட்டிவிடும். விடியமுன் வந்து கதவைத் திறக்கும் மனுசி, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மேற்சட்டைக்குள் ஒரு கையை விட்டுக்கொண்டே திரிவார். ஒருமுறை பிள்ளைகள் செய்துபோட்ட காகிதக் கிரீடத்தோடேயே ஸ்டேஷனுக்கு ஓடினார். ஜூனில் கதையே வேறு. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். நாங்கள் வீட்டுக்குப் பறக்க, அவர் ஆறுதலாகக் கோப்பி ஊற்றுவார். "சூரியனே போகேல்லை, எனக்கென்ன அவசரம்?"

அவர் பேசியது இந்த நாட்டு மொழியான நொர்ஸ்க்தான். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்து பழகிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

எதற்கும் கேள்வியால்தான் பதில் சொல்வார். பிள்ளைகள் ஓயாமல் கேள்வி கேட்டுத் தலையைத் தின்கிறார்கள் என்று கூட்டத்தில் ஒருத்தி முறையிட்டாள். "எங்கடை பெருநாள் விருந்திலை சின்னப்பிள்ளை கேள்வி கேட்டாத்தான் கதையே தொடங்கும், கதைக்குப் பிறகுதான் சாப்பாடு. நீர் எங்களைப் பட்டினி போடப்போறீரோ?" என்றார்.

எங்களிடம் மூன்று வயதுக்காரி ஒருத்தி இருந்தாள். பேச வாய் திறக்கமாட்டாள், கடிக்க மட்டும் திறப்பாள். நான் மனதுக்குள் முசுறு என்று, மாமரத்துக் கடியெறும்பின் பெயரை, வைத்திருந்தேன். ஒருநாள் ரீச்சரின் முழங்கையில் பல் பதிந்தது. மனுசி கையைத் தடவிக்கொண்டு, அவளுக்கு முன்னால் முழங்காலில் நின்று, மந்திரியை வரவேற்பது போல "காலை வணக்கம்" என்றார்.

"நோகேல்லையோ?" என்றேன்.

"நோகுதுதான். பிள்ளையைக் கடவுள் தன்ரை சாயலிலை படைச்சவர் எண்டு எங்கடை சமயம் சொல்லுது. பல்லும் அதுக்குள்ளை அடக்கம்தானே?"

ஒரு டிசம்பர் வெள்ளி. மாதக்கணக்காகப் பாட்டுப் பாடி, படம் காட்டி, முசுறிடமிருந்து ஒரு சொல்லைக்கூட நான் வாங்கியிருக்கவில்லை. அன்று அவள் இன்னொரு பிள்ளையின் கன்னத்தைக் கடித்துவிட்டாள். கடிபட்ட பிள்ளையைக் கூட்டிப்போக வந்த தாய் என்னைப் பிடித்து ஏசினாள். ஈர உடுப்புகள் காயப்போடும் அறைக்குள் போய் இருந்து அழுதேன். இந்த வேலையே வேண்டாம் என்று முடிவெடுத்தும் விட்டேன்.

தொப்பி, சால்வை, கையுறை எல்லாம் போட்டு ஓடத் தயாராக இருந்த ரீச்சர் எட்டிப்பார்த்தார்.

"நான் இந்த வேலைக்கு உதவாத ஆள். திங்கக்கிழமை வரமாட்டன்."

"உதவாதெண்டு ஆர் சொன்னது?"

"அந்தப் பிள்ளை இன்னும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லையே!"

"கடவுளே ஆறு நாள் வேலை செய்துபோட்டு ஏழாம் நாள் ஓய்வெடுத்தவர். உலகம் இண்டைக்கும் அரைகுறைதான். நீர் அவரைவிடக் கெட்டிக்காரியோ?"

சிரிப்பு வந்தது. சிரித்ததில் அழுகை கூடியது. அவர் குட்டிக் குட்டிச் சப்பாத்துகளுக்கு நடுவே நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, நான் கொட்டியதையெல்லாம் கேட்டார். தற்செயலாக யன்னலைப் பார்த்தேன். வெளியே கும்மிருட்டு.

"ஐயோ, உம்மடை சூரியன்!"

"போட்டுது. அடுத்த வெள்ளியும் வரும். நீர் திங்கள் வருவீரோ எண்டதுதான் எனக்குத் தெரியேல்லை."

இனி ரெயின் இல்லை. நகரத்தின் நடுவிலிருந்த வீட்டுக்கு நடந்தே புறப்பட்டார். தனியே விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன். "வீட்டிலை பயப்பிடுவினம்" என்று அவர் ஒரு மரத்தைப் பார்த்துச் சொல்ல, நான் அவருடைய கணவருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. அவரும் தொடக்கூடாதே! வழியில் பாதசாரி விளக்கின் பொத்தானை ரீச்சர் அமத்தக்கூடாது. அமத்தச் சொல்லி என்னிடம் கேட்கவும் கூடாதாம். ஆகவே, "இந்தச் சிவப்பு லைட் நல்ல வடிவு, என்ன?" என்று பனியோடு கதைப்பார். நான் விளங்கிக்கொண்டு அமத்துவேன். குறொன்லாண்ட் கடைத்தெருவைத் தாண்டும்போது எங்கள் இருவருக்கும் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

வீட்டில் கணவர் ஏற்றிய மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. இரண்டு பிள்ளைகள் ஓடிவந்தார்கள். வெள்ளி இரவில் பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பது அவர்கள் வழக்கம். இருவருக்கும் செய்தவர், திரும்பி, பனி உருகி ஒழுகிய என் தொப்பியின் மேலும் கையை வைத்தார். என்னைவிட வயதில் இளையவர். அப்படி ஒரு கை என் தலையில் பட்டு எத்தனையோ காலம். தொப்பியைக் கழற்றிவிட்டு இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தேன்.

திங்கட்கிழமை போனேன். முசுறு வாசலிலேயே என் பெருவிரலைக் கடித்தாள். முழங்காலில் நின்று காலை வணக்கம் சொன்னேன்.

போன கோடையில் ரீச்சர் குடும்பத்தோடு வேறு நாட்டுக்குப் போய்விட்டார். நான் இன்னும் அங்கேதான். டிசம்பர் வெள்ளியில் வெளிச்சம் மங்கத் தொடங்கினால் என் கண் தானாக யன்னலுக்குப் போகும். "ரீச்சர், ஓடும், பொழுதுபடுது" என்று சொன்னால் ஓட இப்போது ஆளில்லை. என்றாலும் சொல்லிவிடுவேன்.