அதே விலைக்குப் பெரிய குண்டு

பழைய சாமான் கடையைக் கண்டால் எனக்குக் கால் நகராது. இது ஒரு வியாதி. இருபது வருசத்துக்கு முன் இந்த வியாதியால் என் கலியாணமே ஒரு துவக்குக் குழலுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. சிரிப்பதென்றால் தாராளமாகச் சிரியுங்கள். எங்கள் வீட்டில் இன்னும் சிரித்து முடியவில்லை.

நான் ஆலங்குடாக்காரன். வலைக்காரக் குடும்பம். புத்தளம் களப்புக்கு (கடல் ஏரிக்கு) அக்கரையில், கரைத்தீவில் ஒரு பெண் இருக்கிறாள் என்று உம்மாவின் தங்கச்சி, என் சாச்சி சொல்லி, உம்மாவையும் என்னையும் படகில் கூட்டிப்போனாள். பெண்ணின் பெயர் ஹாஜரா. அவளுடைய வாப்பா மஜீத் மாமா, தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு வந்து, கச்சான் தோட்டம் போட்டு, நிலக்கடலை விற்று எழும்பிய மனிதர். ஹாஜரா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். நிமிர்ந்து ஒரே ஒரு பார்வை பார்த்தாள். அந்தத் தேநீரில் சீனி இருந்ததா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

"தோட்டமெல்லாம் எப்படி மாமா?" என்றேன். (மாமா என்று கூப்பிட எனக்கு யாரும் அனுமதி தரவில்லை. வாய் முந்திக்கொண்டது.)

"அத ஏன் கேக்கிறீங்க தம்பி. அந்தச் சாமான் வந்து முழுக்கக் கிண்டிப் போட்டுட்டுப் போகுது." பன்றி என்ற சொல்லை மாமா வாயில் எடுக்கமாட்டார். சுவரில் தொங்கிய துவக்கைக் காட்டினார். "துவக்கு இருக்கு, லைசனும் இருக்கு. குண்டு வார்க்கிற அச்சு மட்டும் எங்கயோ துலைஞ்சு போச்சு."

அது இடியன் துவக்கு, பழைய காலத்து நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாயால் வெடிமருந்தைப் போட்டு, அதற்குமேல் ஈயக்குண்டைப் போட்டு, கோலால் இடித்து இறக்குவது. அந்த லைசன் எடுக்க மாமா கச்சேரிக்கு, அதுதான் அரசாங்கக் கந்தோருக்கு, நடந்த நடையில் மன்னாருக்கே திரும்பிப் போயிருக்கலாம் என்பாள் சாச்சி.

"ஈயம் வார்க்கிறதா? அது எங்கட கைவேலை மாமா. அச்சு நான் எடுத்துத் தாறேன்," என்றேன்.

உள்வாசல் திரைச்சீலை லேசாக அசைந்தது. அந்தத் திரை மட்டும் சும்மா இருந்திருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன்.

மறுநாளே புத்தளம் டவுனில் ஒரு பழைய இரும்புக் கடைக்குள் புகுந்தேன். துருப்பிடித்த நங்கூரம், சைக்கிள் சட்டம், தையல் மெசின் சில்லு என்று மலையாய்க் குவிந்து கிடந்தது. எனக்கு அது சொர்க்கம். இரண்டு மணித்தியாலம் கிண்டி, அடியிலிருந்து இரண்டு குண்டு அச்சுகளை எடுத்தேன். குறடு போலப் பிடி வைத்த பழைய சாமான்கள். ஒன்று சிறியது, மற்றது கொஞ்சம் பெரியது.

"எந்தத் துவக்குக்குத் தம்பி? குழல் அளவு கொண்டு வந்தீங்களா?" என்றார் கடைக்கார நாநா.

"அதெல்லாம் எனக்குத் தெரியும் நாநா. ரெண்டும் ஒரே விலையா?"

"ஓம்."

"அப்ப பெருசத் தாங்க."

அதே விலைக்குப் பெரியது! இதை விட்டுச் சிறியதை வாங்க நான் என்ன மடையனா? போதாததற்கு ஈயம் உருக்கும் கரண்டி ஒன்றையும் சும்மா கேட்டு வாங்கினேன். பஸ்ஸில் வரும்போது உலகத்திலேயே கெட்டிக்காரன் நான்தான் என்ற நினைப்பு.

வீட்டில் பழைய வலையிலிருந்து ஈயமணிகளைக் கழற்றி உருக்கினேன். முப்பது குண்டுகள், ஒவ்வொன்றும் பளபளவென்று. கைலேஞ்சியில் கட்டிக்கொண்டு அடுத்த படகில் ஏறினேன்.

மாமா மருந்தைப் போட்டுவிட்டு ஒரு குண்டைக் குழல்வாயில் வைத்தார். அது இறங்கவில்லை.

"தம்பி, இது இறுக்கமா இருக்கே."

இங்கேதான் என் வலைக்கார மூளை வேலை செய்தது. எங்கள் தொழிலில் ஈயமணி கயிற்றோடு இறுகிக் கிடக்க வேண்டும். தளர்ந்தால் உருவிக்கொண்டு கடலுக்குள் போய்விடும். இறுக்கம்தான் நல்ல வேலைக்கு அடையாளம்.

"இறுக்கமா இருந்தாத்தான் மாமா நல்லம். கழண்டு விழாது. நான் இறக்கித் தாறேன், இங்கால தாங்க."

மாமா தயங்கினார். திரை மறுபடி அசைந்தது. நான் துவக்கைப் பறிக்காத குறையாக வாங்கி, கோலை வைத்து, மரச் சுத்தியலால் அடித்தேன். குண்டு இறங்கியது. இன்னும் அடித்தேன். இன்னும் கொஞ்சம் இறங்கியது. பாதிக் குழலில் நின்றது. அதற்குப் பிறகு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. என் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது.

"இன்னும் ரெண்டு அடி அடிச்சா..."

"தம்பி, கைய எடுங்க," என்றார் மாமா. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமா துவக்கைச் சிலாபத்தில் துவக்குத் திருத்தும் ஒரு சிங்கள பாஸிடம் கொண்டுபோனார். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இதால மீனா பிடிக்கப் போறீங்க?" என்று கேட்டாராம். குழலை வெட்டத்தான் வேண்டும் என்றாராம். வெட்டினால் லைசன் போய்விடும். லைசன் புதுப்பிக்க இரண்டு மாதத்தில் துவக்கைக் கச்சேரியில் காட்டவும் வேண்டும். மாமா சாச்சியிடம் ஒரே வார்த்தையில் சொல்லியனுப்பினார்: "குண்டு வெளிய வரட்டும். பிறகு கலியாணக் கதை கதைப்பம்."

அக்கரையில் அந்தச் சாமான்கள் கச்சானைத் தின்று கொழுத்தன. இக்கரையில் நான் மெலிந்தேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுத் தினமும் களப்புப் பக்கம் போய் நிற்பேன். கரைத்தீவுத் தென்னைகள் நீருக்கு மேலே கறுப்புக் கோடு மாதிரித் தெரியும். அதில் எந்தத் தென்னை அவள் வீட்டுத் தென்னை என்று தேடிக்கொண்டிருப்பேன். ஒரே ஒரு பார்வை பார்த்த பெண்ணுக்காக ஒருத்தன் இப்படி ஏங்குவானா என்று எனக்கே வெட்கம். அவளுடைய குரலைக்கூட நான் கேட்டதில்லை. ஆனாலும் சோறு இறங்கவில்லை. படகுக்காரர்கள் என்னைக் கண்டால் போதும், "மச்சான், குண்டு வந்துட்டா?" என்று கத்துவார்கள்.

கச்சேரிக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது, மாமா துவக்கைத் துடைத்துவிட்டுத் தலைகீழாகப் பிடித்து நிலத்தில் ஒரு தட்டுத் தட்டியிருக்கிறார். பொத்தென்று குண்டு விழுந்ததாம், பின்னாலேயே கறுப்பாய் ஒரு குழம்பும். அன்றைக்கே படகில் செய்தி வந்தது: "குண்டு வந்துட்டு. ஆள வரச் சொல்லுங்க." நான் செருப்பை மறந்து ஓடினேன்.

கலியாணம் முடிந்து ஒரு கிழமையிருக்கும். சோறு போட்டுக்கொண்டிருந்த மாமி, ஹாஜராவின் உம்மா, "அந்த ரெண்டு மாசமும் வீட்டுல தேங்காயெண்ணெய் நிண்டு பிடிக்கல்ல. போத்தல் போத்தலா எங்க போச்செண்டு அல்லாஹ்தான் அறிவான்," என்றார்.

ஹாஜரா குனிந்து மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். மாமி உள்ளே போனதும், "துவக்குக்குள்ளதான் போச்சு," என்றாள்.

"என்ன?"

"விடியச் சுபஹு தொழுதுட்டு ஒவ்வொரு நாளும் ஊத்தினேன். வேற என்ன செய்ய? நீங்க அக்கரையில பாத்துக்கிட்டு நிண்டீங்களாம். பாத்தாக் குண்டு வருமா?"

ஏங்கியது நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்தக் குண்டு இன்றைக்கும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. நான் எந்தப் பழைய சாமானைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், "எண்ணெய்ப் போத்தல எடுக்கவா?" என்பாள் ஹாஜரா. இப்போது என் மகள்மாரும் அதையே சொல்கிறார்கள்.

இதை நான் கட்டாரிலிருந்து எழுதுகிறேன். வாகனம் ஓட்டுகிறேன். வந்து மூன்று வருசம். லீவு இதோ அதோ என்று தள்ளிக்கொண்டே போகிறது. போன வெள்ளிக்கிழமை ஒரு பழைய சாமான் கடையில் பயணப் பெட்டிகள் கண்டேன். சிறியதும் பெரியதும் ஒரே விலை. (எதை வாங்கினேன் என்று கேட்காதீர்கள்.) வாங்கியதைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். உடனே ஹாஜராவிடமிருந்து அழைப்பு வந்தது.

"சில்லு சுத்துதா?"

"ஒண்டு மட்டும் கொஞ்சம் இறுக்கம்."

மகள்மார் பின்னால் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. ஹாஜரா சிரிக்கவில்லை.

"பெட்டி கிடக்கட்டும். மூணு வருசமா அங்க போய் இறுகிக் கிடக்கிறீங்களே, உங்கள வெளிய எடுக்க எத்தின போத்தல் ஊத்தணும்? அதச் சொல்லுங்க."

மறுநாள் காலையில் முதல் வேலையாக முதலாளியிடம் போய் நின்றேன். இரண்டு மாதம் பொறு, கட்டாயம் விடுகிறேன் என்றார். அதை அவளிடம் சொன்னேன்.

"ரெண்டு மாசமா?" என்றாள். "சரி. அண்டைக்கும் ரெண்டு மாசம்தானே. நான் எண்ணெய வாங்கி வைக்கிறேன்."