தராசுக்கு அடியில் ஒரு துண்டு

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உன் ஒரே தம்பி தலையைக் குனிந்துகொண்டு எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் உன் செல்ல மருமகள் வாண்டுவும் நலம். அங்கே நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும். பன்னிரண்டு தடவை கூப்பிட்டும் நீ போனை எடுக்கவில்லையே!

எடுக்காததும் நியாயம்தான். போன மாதம் நான் உன்னிடம் பேசிய பேச்சு அப்படி. "பிள்ளைக்குத் திருட்டுத்தனமா இனிப்பு குடுத்துட்டியே, நீயெல்லாம் ஒரு அத்தையா?" என்று போனில் கத்தினேன். நீ, "ஒரு துணுக்குகூடக் குடுக்கலடா, உங்க அத்தான் தலைமேல சத்தியம்" என்றாய். நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன். குற்றவாளி பிடிபட்டுவிட்டான். நான்தான் அது. எப்படி என்று சொல்கிறேன், கடிதத்தைக் கிழித்துவிடாமல் படி.

வாண்டுவுக்கு இரண்டு மருந்து கொடுத்தும் வலிப்பு அடங்காமல், எட்டு மாதத்துக்கு முன்னால் டாக்டர் இரண்டு வருடத்துக்கென்று இந்தக் கீட்டோ சாப்பாட்டில் போட்டது உனக்குத் தெரியும். அதன் கணக்குதான் உனக்குத் தெரியாது. கொழுப்பு மூன்று பங்கு என்றால் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்தே ஒரு பங்குதான் இருக்கலாம். புரதத்தைக் குறைத்தால் பிள்ளை வளராது, கூட்டினால் வலிப்பை அடக்குகிற கீட்டோன் உடம்பில் குறையும். மாவுச்சத்து என்பது நாலு வெள்ளரிக்காய்த் துண்டோடு சரி. இதற்கெல்லாம் மேலே கலோரி என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அதுவும் தாண்டக் கூடாது. முட்டை என்றால் முழு முட்டை கிடையாது. அடித்துக் கலக்கி, அதில் இருபத்தேழு கிராம் சின்ன மின்தராசில் நிறுத்து எடுக்க வேண்டும். மீதி எனக்கு. எட்டு மாதமாக இந்த வீட்டின் மீதியெல்லாம் எனக்குத்தான், பெல்ட்டில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டாயிற்று. நானோ இருபத்திரண்டு வருடமாக லாரி எடைமேடையில் உட்கார்ந்திருப்பவன். இருபது கிலோ முன்னே பின்னே இருந்தால் "சரி, போ" என்று சீட்டைக் கிழித்துக் கொடுக்கிற ஆள். என்னிடம் போய் டயட்டீஷியன் அம்மா வெண்ணெய் பதினெட்டரை கிராம் என்றால் நான் எங்கே போவேன்?

ஆனாலும் பலன் கிடைத்தது அக்கா. எழுபத்து மூன்று நாள் ஒரு வலிப்பு இல்லை. தினமும் காலையில் சிறுநீரில் நனைக்கிற காகிதப் பட்டை, கீட்டோன் நிறைய இருக்கிறது என்று அழகாகக் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும், நானும் இவளும் அதை வைத்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்போம். அப்போதுதான் நீ வந்தாய். இரண்டு நாள் இருந்து திரும்பினாய். அடுத்த வாரம் பட்டை வெளுக்க ஆரம்பித்தது. அதற்கடுத்த வாரம் வகுப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது வாண்டுவுக்குக் கண் செருகிவிட்டது. அரை நிமிடம்தான். ஆனால் பள்ளியிலிருந்து போன் வந்ததும் சீட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினேன்.

உடனே துப்பறியக் கிளம்பினேன். இனிப்பு இருக்குமோ என்று பற்பசையைத் தூக்கிப் போட்டேன். குளிர்சாதனப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன், சாவி எங்கே என்று நானே இரண்டு மணி நேரம் தேடினேன். பள்ளியிலிருந்து வந்ததும் பிள்ளையின் வாயை மோந்து பார்த்தேன். "அப்பா, நீங்க மொதல்ல பல்லு வெளக்குங்க," என்றது அது. கடைசியில் உன் மேல் பாய்ந்தேன். இவள் அப்போதே சொன்னாள், "அண்ணியைச் சொல்லாதீங்க, நாக்கு அழுகிடும்" என்று. நான் கேட்டேனா?

ஆஸ்பத்திரியில் எடை எடுத்துப் பார்த்தபோது வாண்டு அரை கிலோ கூடியிருந்தாள். "பங்கு சரியாத்தான் இருக்கு, ஆனா கலோரி எங்கேயோ கூடுது. கலோரி கூடினாலும் கீட்டோன் குறையலாம்," என்றார் டயட்டீஷியன் அம்மா. "எங்க வீட்டுத் தராசு தப்பே பண்ணாதும்மா, எடை போடுறது என் தொழில்," என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அதற்கு மூன்றாம் நாள் எடைமேடைக்குச் சோதனை அதிகாரி வந்தார். அவருடைய சோதனை எடைக்கற்களை ஏற்றிப் பார்த்தால் எடை குறைவாகக் காட்டுகிறது. குனிந்து பார்த்தவர், மேடைக்கு அடியில் சேறு இறுகிப்போய் முட்டிக்கொண்டிருப்பதைக் காட்டினார். "என்னய்யா, இத்தனை வருஷ சர்வீஸு, அடியில எதுவும் முட்டக் கூடாதுன்னு தெரியாதா? பாதிச் சுமையைச் சேறு தாங்குது, மெஷினு எப்படிக் காட்டும்?" அவர் அதோடு நிறுத்தவில்லை, நான்தான் அதற்கு மேல் கேட்கவில்லை. என் கண் முன்னால் ஒரு துண்டு தெரிந்தது. நீ வருகிறாய் என்று சமையல் மேடையைப் பளபளவென்று தேய்த்தேன் அல்லவா? தராசு வழுக்கியது. நான்தான் என் பழைய துண்டை நாலாக மடித்து அதற்கு அடியில் மெத்தை போட்டேன். அதன் குட்டிக் கால்கள் புதைந்து, அடிப்பக்கம் துண்டிலேயே முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. என்ன மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்!

"சார், துண்டு!" என்று கத்திவிட்டு ஓடினேன். வீட்டில் நூறு கிராம் வெண்ணெய்ப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்துப் பார்த்தேன். துண்டின் மேல் தொண்ணூற்றொன்று. துண்டை உருவிவிட்டுத் தராசை வெறும் கல் மேடையில் வைத்தால் நூற்றொன்று, அந்த ஒன்று மேல் காகிதம். ஒவ்வொரு வேளையும் என் பிள்ளைக்குப் பத்தில் ஒரு பங்கு அதிகமாகப் போட்டிருக்கிறேன். தரையில் உட்கார்ந்து அழுதேன் அக்கா. இவள் துண்டை எடுத்து, "இந்தாங்க, இதுலயே தொடச்சுக்குங்க," என்று கொடுத்தாள்.

இப்போது பத்தொன்பது நாள். பட்டை மறுபடியும் கத்தரிப்பூ. வலிப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாண்டுவுக்கு ஏழு வயது முடிகிறது. முட்டையும் கிரீமும் வைத்து, கிராம் பிசகாமல் ஒரு கேக் பண்ணப்போகிறேன். அத்தை வந்தால்தான் வெட்டுவாளாம். குழந்தை மாதிரி பரிசுத்தமான உன் மேல் பழி போட்ட பாவியை மன்னித்து, அத்தானோடு வந்து சேர். அத்தானுக்கு என் வணக்கம். உன் திட்டு மொத்தத்தையும் நேரில் வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும்,

உன் தம்பி.

பின்குறிப்பு: மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உறையை ஒட்டப் பசை தேடி வாண்டுவின் பென்சில் டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஒரு கிரீம் பிஸ்கட்! அடிப்பாவி அக்கா, கொடுத்திருக்கிறாயே! அத்தான் உடம்பு எப்படி இருக்கிறது?

பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அத்தை ஆசையாக் குடுத்தாங்கப்பா. வேணாம்னா அவங்க மூஞ்சி சுருங்கிடும். அதான் வாங்கி வெச்சுக்கிட்டேன்," என்றது. கடிக்கவில்லை, நக்கக்கூட இல்லை. பிஸ்கட்டைச் சுற்றிய காகிதத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "அத்தை பிஸ்கட். டாக்டர் சரின்னு சொன்னதும்."

"அதுக்கு இன்னும் பதினாறு மாசம் இருக்கேடா, நமத்துப் போயிடுமே," என்றேன்.

"அப்ப அத்தை புதுசு குடுப்பாங்க," என்றாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு வா. வாசலிலேயே உன் பையைச் சோதிப்பேன். பதினாறு மாதம் கழித்து, பெட்டி நிறைய பிஸ்கட்டோடு வா. அன்றைக்கு எதையும் எடை போட மாட்டேன்.