கோடு வரை நடக்கும் உன் மருமகள்

அன்புள்ள தம்பிக்கு,

மணி பன்னிரண்டே கால். இந்த நேரத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். பகலில் எழுதலாம் என்றால் பேனாவை எடுத்த மறு நொடியே உன் மருமகள் அதன் மூடியைத் தின்னப் பார்க்கிறாள். இங்கே நான், உன் அத்தான், குழந்தை மூவரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "ம்" என்பாய். ஆகவே சுகமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் வந்தபோது, கண்ணை மறைத்து மாட்டிக்கொண்டு விளையாடும் அந்த வி.ஆர். ஹெட்செட்டைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, "அக்கா, எங்க கம்பெனி விளையாட்டெல்லாம் இதுல போட்டிருக்கேன். சாதாரண மனுஷங்க வீட்ல எப்படி விளையாடறாங்கன்னு எங்களுக்குத் தெரியணும். இப்ப இதுல என்ன குறை, நாளைக்கு இது எப்படி இருக்கணும், மனசுல பட்டதை ஒளிக்காம எழுது" என்றாய். இயற்பியலில் பட்டம் வாங்கிய அக்காவைச் சாதாரண மனுஷி என்றதைக்கூட நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஒளிக்காமல் எழுதுகிறேன், படித்துவிட்டு நீயும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

எடுத்த எடுப்பில் எடையைச் சொல்லிவிடுகிறேன். அரைக் கிலோ என்று அட்டையில் போட்டிருக்கிறது. அரைக் கிலோ கையில் இருந்தால் ஒன்றுமே இல்லை. மூக்கின்மேல் உட்கார்ந்தால் அது ஒரு விருந்தாளி, முதல் கால் மணி நேரம் பரவாயில்லை, பிறகு எப்போது கிளம்பும் என்று இருக்கிறது. கழற்றினால் கண்ணைச் சுற்றி வட்டமாகச் சிவந்துவிடுகிறது. உன் அத்தான் அந்த ஆந்தைக் கண்ணோடு வேலைக்குப் போக, அங்கே ஒருவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சினையா சார்? அடி கிடி…?" என்று கேட்டிருக்கிறார். இவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு வந்திருக்கிறார். இப்போது அவருடைய அலுவலகத்தில் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ, யார் கண்டது. வியர்த்தால் கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிடுகிறது. முதல் நாள் நான் அதை விளையாட்டிலேயே வருகிற பனிமூட்டம் என்று வெகு நேரம் ரசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரத்தில் சார்ஜ் தீர்ந்துபோகிறது, அதுவும் அரக்கனின் கழுத்துக்கு நேராக வாளை ஓங்கும் சமயம் பார்த்து. கார் ஓட்டும் விளையாட்டை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை. உன் அத்தான் மூன்று வளைவு ஓட்டிவிட்டு, "வண்டியை நிறுத்து, நான் இறங்கணும்" என்று ஹாலிலேயே படுத்துத் தரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஓட்டியவரே அவர்தான்.

அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர் என்பது உனக்குத் தெரியும். பதினெட்டு மாடிக் கட்டடத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே மதியச் சாப்பாட்டுக்கு என்ன என்று எனக்குப் போன் செய்கிற மனிதர். அப்பேர்ப்பட்டவர், உயரத்தில் ஒரு பலகைமேல் நடக்கும் அந்த விளையாட்டை மாட்டிக்கொண்டு, எங்கள் ஹால் தரையில் நின்றபடி, "ஐயோ, விழுந்துட்டேன், விழுந்துட்டேன்" என்று அலறிக் குதித்ததில், கீழ்வீட்டுத் தையற்காரம்மா ஊசியைக் கையில் பிடித்தபடியே மேலே வந்துவிட்டார்.

"யாரு விழுந்தது?"

"யாரும் விழலைங்க. விளையாட்டு."

"விளையாட்டா? எனக்கு மேல இருந்து சுண்ணாம்பு கொட்டுது. காஜா எடுத்துக்கிட்டிருந்த கை ஆடிப்போச்சு. சட்டைக்குப் பொத்தான் ஓட்டைக்குப் பதிலா ஜன்னலே வெச்சுட்டேன்."

சமாதானப்படுத்துவதற்காக அவருக்கும் மாட்டிவிட்டேன். அரண்மனை விளையாட்டைப் போட்டேன், அதில் வெட்டும் இல்லை குத்தும் இல்லை, தாழ்வாரம் தாழ்வாரமாக நடந்துகொண்டே இருக்கலாம். நாலடி நடந்து திரும்பினால் வேறொரு அறை, அங்கே நாலடி நடந்து திரும்பினால் இன்னொன்று. ஒரு சின்ன ஹாலுக்குள் நூறு அறையை எப்படி மடித்து வைத்தீர்கள் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம். தையற்காரம்மா ஓர் அறையில் திரைச்சீலையைக் கண்டதும் நின்றுவிட்டார். கையை நீட்டினார், விரலால் நிமிண்டினார், மறுபடி நிமிண்டினார். "என்னம்மா இது, பார்த்தா பட்டு, தொட்டா காத்தா இருக்கு? துணி கைக்குத் தெரியற அன்னிக்குக் கூப்பிடு, வர்றேன்" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். உங்கள் கம்பெனிக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதினாலும் இந்தக் குறையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியாது. இதை அப்படியே எடுத்துக்கொள்.

இதெல்லாம் சில்லறை விஷயம். இனிமேல் சொல்லப்போவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

விளையாடத் தொடங்கும்முன் தரையில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளச் சொல்கிறதே, அதைச் சொல்கிறேன். நாங்கள் சோபாவை ஒதுக்கிவிட்டு ஒன்பதடிக்கு ஏழடி என்று கிழித்திருக்கிறோம். ஒரு பக்கம் மேஜைக்கு ஒரு முழம் முன்னால், இன்னொரு பக்கம் சமையலறை வாசலுக்கு இரண்டு முழம் முன்னால். மாட்டியிருப்பவர் கோட்டை நெருங்கினால் நீல நிறத்தில் வலை ஒன்று எழும்பும், அதைக் கண்டு திரும்பிவிட வேண்டும். மாட்டாதவர் கண்ணுக்குத் தரைதான் தெரியும், கோடு கிடையாது. நல்ல ஏற்பாடு, குற்றம் சொல்ல மாட்டேன்.

உன் மருமகளுக்கு ஒரு வயது நான்கு மாதம். அவள் நடக்கவில்லையே என்று நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். தையற்காரம்மா வேறு, "எங்க அண்ணன் பொண்ணு ஒன்பதாம் மாசம் ஓடினா" என்று அவ்வப்போது வந்து சொல்லிவிட்டுப் போவார். கடைசியில் போன மாதம் பன்னிரண்டாம் தேதி மாலை, நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, எழுந்து நின்றாள், நடந்தாள். அழுதுகொண்டே உனக்குப் போன் செய்தேனே, அன்றுதான். ஆனால் அவள் எப்படி நடந்தாள் என்பதை அன்று நான் சொல்லவில்லை. இரண்டு கையையும் இருட்டில் சுவரைத் தேடுகிறவள்போல முன்னால் நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு காலாக வைத்துப் பார்த்து, ஒன்பது குட்டி அடி நடந்து, டக்கென்று நின்று, வெறும் காற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். மறுபடி ஒன்பது அடி. மறுபடி திரும்பல். சமையலறை வாசலில் உட்கார்ந்து "வாடி என் தங்கம்" என்று பிஸ்கட்டைக் காட்டினால், இரண்டு முழத்துக்கு முன் நின்று, பிஸ்கட்டை ஏக்கமாகப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து, தவழ்ந்து வந்து வாங்கிக்கொள்கிறாள். தவழ்ந்தால் தாண்டலாம், நடந்தால் தாண்டக்கூடாதாம்!

ஒரு வாரம் இப்படியே போனதும் எனக்குச் சந்தேகம் வந்து, அவள் கோட்டில் நிற்கும்போதே நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வெளியே இருக்கிற ஹால் தெரிவதற்காகப் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தேன். தம்பி, உடம்பு சிலிர்த்துவிட்டது. நீல வலை எழும்பி நிற்கிறது, அதன் விளிம்பில், ஒரு விரற்கடைகூடப் பிசகாமல், அவளுடைய பத்து விரலும் வரிசையாக.

மறுநாளே குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த அம்மா அவளைத் தரையில் விட்டார். நம்ம ஆள் கையை நீட்டி, நடந்து, நின்று, காற்றைத் தட்டி, திரும்பினாள். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் நடக்கவிட்டார்.

"வீட்ல யாருக்காவது கண் பார்வை குறைவா?"

"இல்ல டாக்டர். ஹெட்செட்."

"குழந்தைக்கா மாட்டறீங்க?"

"ஐயையோ, அவ கைக்கே எட்டாம அலமாரிமேல வெச்சிருக்கேன் டாக்டர். அவங்கப்பா மாட்டிக்கிட்டு விளையாடுவார், அதைப் பார்த்து…"

அவர் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்த குழந்தைகள் அழ ஆரம்பித்துவிட்டன. காலை அமுக்கிப் பார்த்து, முதுகைத் தடவிப் பார்த்து, "காலெல்லாம் இரும்பு மாதிரி இருக்கு. நடக்கறதுன்னா இப்படித்தான்னு நினைச்சுக்கிட்டா, அவ்வளவுதான். யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டாளோ அவங்களைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைங்க, தானா மாறிடும்" என்றார்.

நிறுத்திவிட்டேன். இன்றோடு பதினாறு நாள், உன் அத்தான் அதைத் தொடவில்லை. பாவம், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மாலையில் வந்து சோபாவில் உட்கார்ந்து கையை மட்டும் பலகைமேல் நடப்பதுபோல் ஆட்டிக்கொண்டிருக்கிறார். மத்தியானம் குழந்தை உள்ளறையில் அடித்துப்போட்டதுபோல் தூங்கும்போது, உன் அறிக்கைக்காக மட்டும், அதுவும் பத்தே நிமிஷம், நான் அரண்மனையில் ஒரு நடை போய்வருகிறேன். மற்றபடி வீட்டில் அதன் பேச்சே இல்லை. இருந்தும் குழந்தை மாறவில்லை. இன்று சாயங்காலம்கூடக் கோட்டோடு நின்றாள். இவ்வளவு ஆழமாகப் பதியும்படி அவர் என்னதான் ஆட்டம் ஆடினாரோ! நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதடிக்குமேல் வகுப்பறை இருந்தால் இவள் பாதி வகுப்பில் திரும்பி வந்துவிடுவாளே!

சும்மா சொல்லக்கூடாது, அது நல்ல பொருள்தான். மூக்குக் கண்ணாடி அளவுக்கு அது இளைத்துவிட்டால், துணி துணியாகவும் சுவர் சுவராகவும் கைக்குத் தெரிந்துவிட்டால், நீ அங்கே உன் அறையில் இருந்தபடியே எங்கள் ஹாலில் வந்து உட்காரலாம், மருமகள் உன் மூக்கைப் பிடித்து இழுக்கலாம், உனக்கு வலிக்கவும் செய்யலாம். அந்த நாள் வரும், நான் நம்புகிறேன். வீட்டுக்குள் இருந்தபடியே ஒரு பெரிய இடத்தில், யாரும் "இது எங்கே, அது எங்கே" என்று கேட்காமல் நடந்துவிட்டு வரலாம் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று பிள்ளை பெற்றவளைத்தான் கேட்க வேண்டும். ஆனால் பிள்ளையின் நடைக்கு முன்னால் அதெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை. ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடு. அட்டைப்பெட்டி, வயர், எல்லாம் கட்டித் தயாராக வைக்கிறேன். இது உறுதி.

உடம்பைப் பார்த்துக்கொள். முட்டிமோதி உழைக்கிற பிள்ளை, உன் வேலை நிரந்தரமாகி நீ நன்றாக இருக்க வேண்டும். உன் அத்தான் விசாரித்தார். மருமகளின் எச்சில் முத்தம் ஒன்று இந்தத் தாளின் மூலையிலேயே காய்ந்திருக்கிறது, பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையில் போடப் போகும்போது உன் அத்தான் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். என்ன எழுதறே என்றார், கொடுத்தேன். நின்றுகொண்டே முழுக்கப் படித்தார். பிறகு உள்ளே போய் அவருடைய போனை எடுத்துவந்து ஒரு வீடியோவைக் காட்டினார். மத்தியான வெளிச்சம், எங்கள் ஹால். நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கையை முன்னால் நீட்டி, ஒவ்வொரு காலாக வைத்து அரண்மனையில் போய்க்கொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால், இரண்டடி தள்ளி, கையை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு காலாக வைத்து, உன் மருமகள். நான் கோட்டில் நின்று காற்றைத் தொட்டால் அவளும் தொடுகிறாள். நான் திரும்பினால் அவசரமாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டு, மறுபடி பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறாள். எனக்குக் காதில் அரண்மனைச் சங்கீதம். ஒன்றும் தெரியவில்லை.

"இது எப்ப?"

"போன மாசம் மூணாம் தேதி. லிஃப்ட் பாகம் ஒண்ணை மறந்துட்டு எடுக்க வந்தேனே, அன்னிக்கு."

"அப்ப பன்னிரண்டாம் தேதி?"

"அது நீ பார்த்த முதல் அடி. நீ அழுதுக்கிட்டு ஊரெல்லாம் போன் பண்ணினே. அப்புறம் போய் அது முதல் அடி இல்லைன்னு எப்படிம்மா சொல்றது?"

"பதினாறு நாளா உங்களைத் திட்டிக்கிட்டிருக்கேன். அப்பவாவது வாயைத் திறக்கக் கூடாதா?"

"திறந்திருந்தா உன் மத்தியானப் பத்து நிமிஷம் போயிருக்கும்" என்றார். பிறகு, "பத்து நிமிஷம்னு எழுதியிருக்கியே, இந்த வீடியோ மட்டுமே இருபத்திமூணு நிமிஷம்" என்றும் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

அதை நான்கு தரம் பார்த்துவிட்டேன். மேலே எழுதியது எதையும் அடிக்கப் போவதில்லை, உன் அலுவலகத்துக்கு உதவும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெட்டியை எடுக்க வராதே, சும்மா வா. நாளைக் காலையில் முகத்தில் ஒன்றும் இல்லாமல், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, நான் ஹாலிலிருந்து சமையலறைக்கும் அங்கிருந்து வாசலுக்கும் நடக்கப் போகிறேன். அவள் என் பின்னால் வருவாள், எனக்குத் தெரியும். இனி மத்தியான நடையெல்லாம் அவர் வீட்டில் இருக்கும் நாளில்தான். உங்கள் ஆட்களிடம் எனக்காக ஒன்றே ஒன்று சொல்: எடையும் சார்ஜும் மெதுவாகச் சரியாகட்டும், திரைச்சீலைகூடக் காத்திருக்கட்டும், மாட்டியிருப்பவளுக்குப் பின்னால் சின்னதாக யாராவது நடந்து வந்தால், தோளைத் தட்டித் திரும்பிப் பார்க்கச் சொல்லும்படி அதைச் செய்ய முடியுமா? முடியும், முடியாது, எதுவானாலும் சீக்கிரம் பதில் எழுது.